பீடத்தில் ஒரு பெண், பிரசங்கத்தில் யார்?

கடந்த ஆண்டு, ஒரு மாதத்தின் முதல் ஞாயிறன்று, திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குத் தோழியுடன் போனேன். ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. கல்யாணம், துக்கம் தவிர வேறெதற்கும் நான் ஒரு கோவிலுக்குள் கால் வைத்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் விட்டு வந்ததும் ரோமன் கத்தோலிக்கக் கோவில். சி.எஸ்.ஐ. ஆராதனை எனக்கு முற்றிலும் புதிது.

தோழி என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. கணவனைப் பிரிந்து அவள் அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் பிறந்து வளர்ந்த சபையில், "பேச்சு முடியிற வரைக்கும் திருவிருந்துக்கு வராம இருந்தா நல்லதும்மா" என்று பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதே ஞாயிறு அவள் கணவன் திருவிருந்துக்குப் போனான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. புதிய ஊரில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்து தொடங்கும் முன்பே எழுந்து வந்துவிடுவாளாம். அன்று போய் வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். "நீ ஒண்ணும் நம்ப வேண்டாம்ட்டி. பக்கத்துல உக்காரு, அது போதும்" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியது. ஒரு நாவலை வாசிப்பதுபோல ஓர் ஆராதனையையும் வாசிக்கலாம். யார் எங்கே உட்கார்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் பேச்சு பதிவாகவே இல்லை என்று கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். பக்தியுடன் வாசிக்க என்னால் முடியாது. பகையுடன் மட்டும் வாசிக்கவும் அன்று முடியாமல் போனது.

முதலில் சொற்கள். எங்கள் கோவில் இவர்களுக்கு ஆலயம். எங்கள் பூசை இவர்களுக்கு ஆராதனை. நாங்கள் நன்மை வாங்குவோம். இவர்கள் திருவிருந்தில் பங்கெடுப்பார்கள். எங்கள் சாமியார் இவர்களுக்கு ஐயர். மாதா சுரூபம் இல்லை, மெழுகுவத்திக் கூட்டம் இல்லை. நடுவில் பாதை, இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். செருப்பை வெளியே விட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். என் கையும் தானாகவே துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டது. 22 ஆண்டுப் பெண்ணியம் என் கைக்கு எட்டவில்லை போலிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பெண்கள் கோவிலில் தலையை மூட வேண்டும் என்று எழுத்திலேயே சொன்னது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதி இல்லை. சட்டப் புத்தகத்திலிருந்து போன விதி எங்கள் தலைமுறையின் கைகளில் தங்கிவிட்டது.

மணியடித்தது. பாடகர் குழுவுக்குப் பின்னால் வெள்ளை அங்கியில் வந்த ஐயர், பெண்.

இது எனக்குச் சாதாரணமான காட்சி இல்லை. காரணம் என் அம்மா. எங்கள் பங்குக் கோவிலில் முப்பது ஆண்டுகள் பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்துக் கொடுத்தவள் அவள். சனிக்கிழமை சாயங்காலம் பீடத்தைத் துடைத்துப் பூ வைப்பாள். அப்போதெல்லாம் கிராதியைத் தாண்டிப் போய்வர அவளுக்குத் தடையில்லை. ஞாயிறு காலை பூசை தொடங்கினால் அதே கிராதிக்கு இந்தப் பக்கம் முழந்தாளில் நிற்பாள். துடைக்கும் கைக்குத் திறந்திருந்த இடம், வாழ்த்தும் கைக்கு மூடியிருந்தது. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்குப் பத்து வயதில் தோன்றியது. கேட்டேன். "அப்படித்தான் ஏற்பாடு" என்றாள்.

என் அப்பா குடித்துவிட்டு அடிப்பார். ஒரு சனிக்கிழமை இரவு, உதடு கிழிந்து, அம்மா சாமியார் பங்களாவுக்குப் போனாள். மறுநாள் திருவிழாக் கொடியேற்றம். சாமியாருக்கு வேலை இருந்தது. சிலுவை இல்லாத குடும்பம் உண்டா என்று கேட்டார். திருவிழா முடிந்து ஒரு நாள் வரச் சொன்னார். அம்மா திரும்பி வந்தாள். அதன் பிறகு அவள் போகவில்லை. அவர் கூப்பிட்டு அனுப்பவும் இல்லை. அடுத்த ஆண்டு நான் கல்லூரிக்குப் போனேன். கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

கல்லூரியில்தான் பாமாவின் 'கருக்கு' கிடைத்தது. 1992இல் வந்த நூல். தலித் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே ஏழைகளுக்காக என்று சொல்லப்பட்ட வாழ்க்கைக்கும் நடந்த வாழ்க்கைக்கும் இடையே இருந்த தூரத்தைக் கண்டு வெளியே வந்த கதை. அந்த நூல் எனக்கு ஒரு பாகுபாட்டைக் கற்றுக்கொடுத்தது: கோபம் யார் மீது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளலாம், கடவுளை நிறுவனத்தின் கணக்கில் எழுதித் தள்ள வேண்டியதில்லை. அதோடு இன்னொன்றும்: கோவிலில் பெண்கள் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே இடத்தில் உட்காரவில்லை. இதே திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் கோவிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவரின் இரு பக்கமும் பெண்கள் இருந்தார்கள். 'பெண்' என்ற ஒரு சொல்லால் அந்தச் சுவரை மறைத்துவிட முடியாது. பீடத்தில் பெண் நிற்பதைக் கண்டு மகிழும்போதும், எந்தச் சாதிப் பெண் அங்கே எளிதாக ஏறுகிறாள், எந்தச் சாதிப் பெண் தரையைக் கூட்டுகிறாள் என்ற கேள்வி கூடவே இருக்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தனக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் இரண்டாம் ஜான் பால் திட்டவட்டமாக எழுதி அந்தப் பேச்சை மூடினார். சிறு கதவுகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களின் பாதமும் இருக்கலாம் என்று 2016இல் விதி மாறியது. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி வழங்கலாம் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையோ 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்ப லலிதா பேராயரானார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். இதையெல்லாம் நான் வாசித்திருக்கிறேன். வாசித்ததும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல என்பது அந்த வெள்ளை அங்கி என்னைக் கடந்து போனபோது தெரிந்தது.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தோழியிடம் மெல்லக் கேட்டேன். அவள் சிரித்தாள். ஐயர் என்றால் ஆண். ஐயரம்மா என்றால் ஐயரின் மனைவி. அந்தச் சொல் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மகளிர் கூட்டத்தை நடத்துவது, நோயாளி வீடுகளுக்குப் போவது, ஞாயிறு பள்ளியைப் பார்ப்பது என்று ஒரு முழு வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்ணுக்கு, கணவனின் பதவியிலிருந்து கிடைத்த பெயர் அது. இப்போது பட்டம் பெற்றுப் பீடமேறிய பெண்ணையும் ஊர் அதே சொல்லால்தான் கூப்பிடுகிறது. சிலர் 'ஆயரம்மா' என்கிறார்கள், அதிலும் அம்மா ஒட்டிக்கொள்கிறது. இளம்பெண்கள் 'அக்கா' என்கிறார்கள். அவருடைய கணவரை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். "சார்னுதான்" என்றாள். ஐயரின் மனைவிக்கு ஒரு பெயரும் அதோடு ஒரு வேலையும் காத்திருக்கின்றன. பெண் ஐயரின் கணவருக்கு இரண்டும் இல்லை. ஒரு சபையின் மொழி எந்த ஆண்டில் நின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேத வாசிப்பு லூக்கா 13ஆம் அதிகாரம். ஓய்வுநாளில் இயேசு ஜெப ஆலயத்தில் போதித்துக்கொண்டிருக்கிறார். 18 ஆண்டுகளாக நிமிர முடியாமல் கூன் விழுந்த ஒரு பெண் அங்கே வருகிறாள். அவர் அவளைக் கூப்பிட்டு, கை வைத்து, நிமிர்த்துகிறார். ஜெப ஆலயத் தலைவன் கோபப்படுகிறான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவளைக் 'கூனி' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வெறுமனே உடலைச் சொல்வதில்லை. அது மந்தரையைக் கூட்டி வருகிறது, வஞ்சகத்தைக் கூட்டி வருகிறது. பெண்ணின் வளைந்த முதுகுக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு குற்றப்பத்திரிகை தயாராக இருக்கிறது. அந்தச் சொல் வாசிக்கப்பட்டபோது எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு சிறுமிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பிரசங்கம் 25 நிமிடம். குரல் நல்ல குரல். ஆனால் சொன்னது இது: அந்தப் பெண் 18 ஆண்டுகள் பொறுமையாக இருந்தாள். முறுமுறுக்கவில்லை. ஆலயத்துக்கு வருவதை விடவில்லை. பொறுமைக்குப் பலன் கிடைத்தது. இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை குறைந்துவிட்டது. சின்னக் காரியத்துக்கெல்லாம் குடும்பத்தை உடைக்கிறோம். வலப்பக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சேகரக் கமிட்டி ஆட்கள் தலையாட்டினார்கள். தோழி என் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் வலித்தது.

ஆண் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எழுந்து போயிருப்பேன். பீடத்தில் நின்றவர் என் அம்மா நிற்க முடியாத இடத்தில் நின்றவர். அங்கிருந்து, என் அம்மாவைத் திருப்பி அனுப்பிய அதே பேச்சு வந்தது.

எனவே அந்த எட்டு வசனங்களை வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். பொறுமை என்ற சொல் அங்கே எங்கும் இல்லை. அவள் முறுமுறுத்தாளா இல்லையா என்று லூக்கா சொல்லவில்லை. 18 ஆண்டும் அவள் ஜெப ஆலயத்துக்குத் தவறாமல் வந்தாள் என்றும் சொல்லவில்லை. பலவீனப்படுத்தும் ஓர் ஆவி அவளைப் பிடித்திருந்தது என்கிறார் லூக்கா. சாத்தான் கட்டிவைத்திருந்தான் என்கிறார் இயேசு. அதாவது, அந்தக் கூன் சுமக்க வேண்டிய சிலுவை இல்லை, அவிழ்க்க வேண்டிய கட்டு. பொறுமை நம் பிரசங்கிகள் கொண்டுவந்து அந்த முதுகின் மேல் வைத்த இன்னொரு சுமை.

இரண்டாவது, அவள் எதுவும் கேட்கவில்லை. சுகம் கேட்டு யாரும் அவளைக் கூட்டி வரவில்லை. அவள் மனு போடவில்லை, விசுவாசத்தை நிரூபிக்கவில்லை. அவர் பார்த்தார், கூப்பிட்டார். பெண் தன் காயத்தைக் காட்டிக் கெஞ்சினால்தான் உதவி என்ற நடைமுறைக்கு இந்தக் கதையில் இடமில்லை.

மூன்றாவது, தலைவனின் பேச்சு. அவனுக்குக் கோபம் இயேசுவின் மேல். ஆனால் பேசுவது கூட்டத்தைப் பார்த்து. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறது, அந்த நாட்களில் வந்து சுகமாகிக்கொள்ளுங்கள் என்கிறான். அதிகாரம் எப்போதும் இப்படித்தான் பேசும். மறுப்பதில்லை; வேறொரு நாள் வரச் சொல்லும். கொடியேற்றம் முடிந்து வரச் சொல்லும். பேச்சுவார்த்தை முடிந்து வரச் சொல்லும். அதற்கு இயேசு சொல்லும் பதில் ஒரு தொழுவத்துக் கேள்வி: ஓய்வுநாளில் உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறீர்களே, இவளை அவிழ்க்கக் கூடாதா? அப்போது அவளை 'ஆபிரகாமின் மகள்' என்கிறார். ஆபிரகாமின் பிள்ளைகள் என்று உரிமை பேசிய ஆண்கள் நிறைந்த இடத்தில் இது சிறிய பெயர் அல்ல. நான்கு நற்செய்தி நூல்களிலும் இந்தப் பெயர் வேறொரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

நான்காவதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. நிமிர்ந்ததும் அவள் கடவுளைப் புகழ்ந்தாள் என்கிறார் லூக்கா. என்ன சொல்லிப் புகழ்ந்தாள்? ஒரு சொல்லும் இல்லை. தலைவனின் பேச்சு முழுதாக இருக்கிறது. இயேசுவின் பேச்சு முழுதாக இருக்கிறது. 18 ஆண்டுகளுக்குப் பிறகு மனிதர்களின் முகத்தை நேராகப் பார்த்தவளின் பேச்சு மட்டும் பதிவாகவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பிரசங்கிகள் தங்கள் சொற்களை வைக்கிறார்கள். பெண்ணிய இறையியலாளர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1983இல் எழுதிய நூல் முதல் இன்றுவரை வேதத்தைச் சந்தேகத்துடன் வாசிக்கும் பெண்கள் செய்து வருவது, இந்த வெற்றிடங்களை அடையாளம் காண்பதுதான். நிரப்புவது பிறகு. முதலில் இங்கே ஒரு பெண்ணின் பேச்சு இருந்திருக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

இனி, அன்று நடந்த மற்றதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்த விமர்சனம் நேர்மையாக இருக்காது.

பிரசங்கம் முடிந்து திருவிருந்து தொடங்கியது. தோழி எழுந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். நம்பாத ஒன்றில் கை நீட்ட எனக்கு மனமில்லை. அவள் பீடத்துக்கு முன்னால் வரிசையில் முழந்தாளிட்டாள். கமிட்டியில் ஒருவர் ஐயரின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். ஐயர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு வரிசையில் ஒவ்வொருவராக வந்து, தோழியின் கையில் அப்பத்தை வைத்தார். மற்றவர்களிடம் எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவு நேரமே நின்றார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேள்வி கேட்கவில்லை, பரிதாபம் காட்டவில்லை. அவளை முன்பு தடுத்த சபையில் இந்தச் சில நொடிகளுக்காகத்தான் இவ்வளவு பேச்சு நடந்தது.

வாய் சொன்னது ஒன்று, கை செய்தது ஒன்று. இரண்டில் எது அவர்?

ஆராதனை முடிந்து வராண்டாவில் காபி கொடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நேராகவே கேட்டேன். "அந்தப் பொண்ணு பொறுமையா இருந்தான்னு பைபிள்ல இல்லையேம்மா?" அவர் முகம் சட்டென்று மாறியது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "இல்லதான். போன சனிக்கிழமை மகளிர் கூட்டத்துல இதே பகுதியத்தான் எடுத்தேன். கட்ட அவுக்கிறதப் பத்தித்தான் பேசினேன். ரெண்டு பேரு அழுதாங்க. செவ்வாக்கிழமை கமிட்டியில கேள்வி வந்துட்டு. குடும்பத்த உடைக்கிற போதனையாம். இன்னும் ஒண்ணரை வருஷம் நான் இங்க இருக்கணும். மேல எழுதிப் போட்டா, பொம்பளைய அனுப்புனா இப்படித்தான்னு அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கும் சேத்து அடைச்சிருவாங்க."

நான் பதில் சொல்லவில்லை. ஜெப ஆலயத் தலைவன் எங்கே இருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பீடத்தில் பெண் இருந்தாள். தலைவன் முன்வரிசைக்கு இறங்கி வந்து உட்கார்ந்திருந்தான். பட்டம் கொடுப்பவர்கள், இடமாற்றம் செய்பவர்கள், கணக்கு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருக்கும் அமைப்பில், பீடத்தில் நிற்கும் பெண்ணின் குரல் அந்த முன்வரிசையைத் தாண்டித்தான் நம்மிடம் வர வேண்டியிருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் "பெண்ணே பெண்ணுக்கு எதிரி" என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அந்த வாக்கியத்தால் முன்வரிசைக்கு மட்டுமே லாபம்.

அதற்காக அவரை நான் முழுக்க விட்டுவிடவும் இல்லை. தன் வேலையைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலை அவருடையது மட்டும் அல்ல. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அதில் பங்கு கொடுத்தாள். அன்று அந்த இடப்பக்கத்தில் எத்தனை அம்மாக்கள் வீட்டுக்குப் போய் இன்னொரு 18 ஆண்டுக்குத் தயாரானார்கள் என்று எனக்குத் தெரியாது. மௌனமாக இருந்திருக்கலாம். வேறு பகுதியை எடுத்திருக்கலாம். இல்லாத பொறுமையை அந்தப் பெண்ணின் மேல் ஏற்றியிருக்க வேண்டாம். இதையும் அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பெண்களிடம் இரண்டு பிரசங்கங்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. என் அம்மாவின் கோவிலிலும் பூசை முடிந்தபின் கெபிக்குப் பக்கத்தில் பெண்கள் நின்று பேசுவார்கள். எந்த வீட்டில் அடி, யாருக்குப் பணம் தேவை, எந்தப் பிள்ளையை எந்த விடுதியில் சேர்க்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவானது. உதடு கிழிந்த அம்மாவை அன்றிரவு தன் வீட்டில் படுக்க வைத்தவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அந்த வேத விளக்கம் எழுதப்படவில்லை, பீடமேறவில்லை. பீடத்தில் பெண் நிற்பது அவசியம். அதற்காகப் போராடியவர்களுக்கு நான் கடன்பட்டவள். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டத்தில் பெண்கள் மட்டும் கேட்ட பிரசங்கத்தை ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையும் கேட்க வேண்டும். அதற்குப் பீடத்தில் ஒரு பெண் போதாது. முன்வரிசையில் பெண்கள் வேண்டும், கமிட்டியில் வேண்டும், கேள்வி வரும் செவ்வாய்க்கிழமையில் அவர் பக்கம் உட்கார ஆள் வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் தோழியிடம் கேட்டேன். "பொறுமைன்னு சொன்னப்ப எந்திரிச்சுப் போயிருவன்னு நெனச்சேன்."

"நெனச்சேன்ட்டி. அப்புறம் அந்த முன்வரிசை ஆளுக தலையாட்டுறதப் பாத்தேன். இவங்களுக்காகவா நான் வெளிய போகணும்னு இருந்துட்டேன்."

போன மாதம் அவள் கூப்பிட்டாள். மகளிர் ஞாயிறு அன்று அந்த ஆலயத்தில் பெண்களே ஆராதனை நடத்துகிறார்கள். செய்தி கொடுக்க ஐயர் இவளைக் கேட்டிருக்கிறார். கணவனைப் பிரிந்தவள் பிரசங்க பீடம் ஏறலாமா என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறதாம். இன்னும் முடிவாகவில்லை. எந்தப் பகுதியை எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

"அதே பகுதியத்தான்" என்றாள். "அவ என்ன சொல்லிப் புகழ்ந்தான்னு நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."